சங்ககிரியில் நின்ற லோடு வண்டி: ஒரு டிரைவரின் லீவு பற்றிய நிகழ்வு ஆய்வு

லாரிக் கணக்கு எழுதுவது என் தொழில். சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் இரண்டு வண்டி, மூன்று வண்டி வைத்து ஓட்டும் சின்ன ஓனர்களின் டிரிப் ஷீட்டுகள் என் மேஜைக்கு வரும். டோல், டீசல், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தார்பாய், பஞ்சர், புரோக்கர் கமிஷன் என்று வரிசையாகப் பதிவு செய்து, கடைசியில் டிரைவர் கணக்கை நேர் செய்வேன். அப்படி ஒரு ஷீட்டில் "டீசல் குறைவு 40 லிட்டர், டிரைவர் பற்று" என்று ஓனர் கையால் எழுதியிருந்த ஒரு வரியிலிருந்துதான் இந்த ஆய்வு தொடங்கியது. டிரைவர், ஓனர், பங்க் மேனேஜர் மூவரிடமும் தனித்தனியே பேசியிருக்கிறேன். ஒருவர் பெயரையும் இங்கே சொல்லவில்லை.

நடந்தது

டிரைவருக்கு நாற்பது வயது. ஊர், சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே. ஓட்டுவது பன்னிரண்டு சக்கர டாரஸ் லாரி. மகாராஷ்டிரத்தின் பிவண்டியில் சனிக்கிழமை மாலை மின்சாதனப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கொச்சி களமசேரிக்குக் கிளம்பினார். புணே, பெங்களூரு, சேலம் வழியாகச் சுமார் 1,500 கிலோமீட்டர். இந்த ஓட்டத்தில் அவருக்கு ஒரு வசதி இருந்தது. சேலத்தைத் தாண்டிக் கோயம்புத்தூர் போகும் 544 எண் தேசிய நெடுஞ்சாலை சங்ககிரி வழியாகத்தான் போகிறது. வீடு ரூட்டிலேயே இருக்கிறது.

வியாழக்கிழமை அவருடைய தங்கை மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவர் வராமல் அந்த விசேஷம் இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. பிவண்டியில் லோடு கிடைத்தபோதே ஓனருக்குப் போன் செய்து, "அண்ணா, புதன் காத்தால சங்ககிரி வந்துருவேன். வியாழன் விசேஷம் முடிச்சுட்டு வெள்ளி விடியக்காலம் எடுத்தர்றேன்" என்று சொல்லிவிட்டார். ஓனரும் "சரி தம்பி, லோடு பத்திரம்" என்றார். லீவு கேட்டதும் கொடுத்ததும் அவ்வளவுதான். வண்டி எங்கே நிற்கும் என்பதை அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

புதன் அதிகாலை ஐந்து மணிக்கு வண்டி சங்ககிரி வந்தது. அதற்கு முன்பே வைகுந்தம் டோலைத் தாண்டியதும் ஃபாஸ்டேக் குறுஞ்செய்தி ஓனர் போனுக்குப் போய்விட்டது. அடுத்த டோல் விஜயமங்கலம். அங்கிருந்து செய்தி வராதவரை வண்டி இந்த இடைவெளிக்குள் நிற்கிறது என்று ஓனருக்குத் தெரியும். எட்டரை மணிக்கே முதல் போன் வந்தது: "வண்டி எங்க தம்பி நிக்குது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி அவர் சுற்றிய சுற்றைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

காலி வண்டியாக இருந்தால் ஊருக்கே கொண்டுபோய் மாரியம்மன் கோயில் மைதானத்தில் நிறுத்துவார். ஊரில் இன்னும் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். லோடோடு வந்தால் அது முடியாது. நான்கு ஆக்ஸில் வண்டிக்கு 2018-இல் உயர்த்தப்பட்ட அளவின்படி மொத்த எடை 36 டன் வரை போகலாம். பஞ்சாயத்து ரோடும் வாய்க்கால் மேல் கட்டிய சின்னப் பாலமும் அதற்குப் போட்டவை அல்ல. தெருவுக்குக் குறுக்கே தொங்கும் மின் கம்பியும் கேபிள் வயரும் தார்பாய் கட்டிய லோடின் உயரத்துக்கு எட்டும். போன வருடம் இவர் வண்டியில் மாட்டி ஒரு வீட்டு சர்வீஸ் வயர் அறுந்து, அந்தப் பகை இன்னும் முழுதாகத் தீரவில்லை.

ஓனர் தன் வண்டிகளை நிறுத்தும் செட் நாமக்கல்லில் இருக்கிறது. வாட்ச்மேன் உண்டு, கேட் உண்டு. ஆனால் சங்ககிரியிலிருந்து போய்த் திரும்ப ஏறக்குறைய 90 கிலோமீட்டர். லோடு வண்டி லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் கொடுத்தால் 25 லிட்டருக்கு மேல் டீசல். "அதுக்கு நான் யாருகிட்டக் கணக்குச் சொல்றது" என்று ஓனர் மறுத்துவிட்டார். இந்த 25 லிட்டரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சமிருந்தவை ரோட்டோரமும் பங்க்கும் பட்டறையும். ஓனருக்குக் கடன் கணக்கு இருக்கும் பங்க்கில் மேனேஜர் தெளிவாகச் சொன்னார்: "ஏனுங்கண்ணா, லோடு வண்டிங்களா? காலி வண்டின்னா வெச்சுட்டுப் போங்க. லோடுன்னா எனக்கு வேண்டாமுங்க. ராத்திரி வேணா ஒம்போது மணிக்கு மேல போட்டுக்கங்க, காத்தால ஆறுக்கு எடுத்தரோணும். உள்ள ஒரு ஆள் படுத்திருக்கோணும்." பங்க் சுவரிலேயே எழுதியிருக்கிறது: நிறுத்தும் வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.

ஆகவே புதன் பகலுக்கு ஒரு டயர் பட்டறை. டயர் மாற்றிப் போடும் வேலையைக் கொடுத்ததால் பட்டறைக்காரர் சாயங்காலம் வரை நிறுத்திக்கொள்ளச் சம்மதித்தார். பதினொரு மணிக்கு வீடு போய் ஐந்து மணிக்குத் திரும்பி வந்து, வண்டியை எடுத்து ரோட்டோரம் நின்று, ஒன்பது மணிக்குப் பங்க்குக்குள் விட்டார். கேபினில் படுக்க அவர் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, வந்தார். விசைத்தறி வேலைக்குப் போகிறவர். அன்று இரவு ஷிப்டை விட்டுவிட்டு வந்தார்.

வியாழன் காலை ஆறு மணிக்குப் பங்க்கிலிருந்து வண்டியை எடுக்க வேண்டியிருந்தது. பட்டறைக்கு அன்று விடுமுறை. கோயிலுக்கு மச்சானும் வர வேண்டும், இவரும் போக வேண்டும். மூடிக்கிடந்த ஒரு மில்லின் எதிரே சர்வீஸ் ரோட்டில் ஏற்கெனவே நாலைந்து லாரிகள் நிற்க, அவற்றின் பின்னால் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, கதவைப் பூட்டிவிட்டுப் போனார். பந்தியில் உட்கார்ந்த நேரத்தில் ஓனர் போன். ஜிபிஎஸ்ஸில் வண்டி பங்க்கில் இல்லை என்று தெரிந்திருந்தது. இலையை மூடிவிட்டு எழுந்தார். இரண்டரை மணிக்கு வந்து பார்த்தால் டீசல் டேங்க் மூடியின் பூட்டு உடைந்திருந்தது. முன்னால் நின்ற லாரிகள் போய்விட்டிருந்தன. தார்பாய்க் கயிறு அவிழவில்லை, பெட்டிகள் எல்லாம் சரியாக இருந்தன. டீசல் மட்டும் 40 லிட்டர் குறைந்திருந்தது, ஏறக்குறைய ₹3,700.

அன்றிரவு நிறுத்த இடமும் இல்லை, மனதும் இல்லை. வெள்ளி விடியற்காலை என்று சொன்னவர் வியாழன் ஏழு மணிக்கே வண்டியை எடுத்துவிட்டார். வெள்ளி காலை களமசேரி. சரக்கை வாங்கும் பார்ட்டியின் குடோனில், "சனிக்கிழமைதான் உங்கள் முறை, அதற்கு முன் உள்ளே விட முடியாது" என்றார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் வல்லார்பாடம் கன்டெய்னர் ரோட்டோரம் நின்றார். அந்த ரோட்டில் லாரிகள் வரிசைகட்டி நிற்பதும், நிற்கிற வண்டியில் பைக் மோதுவதும், போலீஸ் வந்து அபராதம் போடுவதும் பல வருடப் பிரச்சினை.

எங்கே பிசகியது

முதலில் நேரக் கணக்கைப் பார்க்க வேண்டும். டிரைவர் லோடைத் தாமதப்படுத்தினார் என்றுதான், லோடு பிடித்துக் கொடுத்த புக்கிங் ஆபீஸ் ஓனரிடம் சொல்லியிருந்தது. சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டான ஈவே பில்லை எடுத்துப் பார்த்தேன். 2021 ஜனவரி முதல், 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம் அது செல்லும். மிச்சம் வரும் தூரத்துக்கும் ஒரு நாள். இந்த ஓட்டத்துக்கு எட்டு நாள். சனிக்கிழமை போட்ட பில்லுக்கு முதல் நாள் என்பது ஞாயிறு நள்ளிரவோடு முடிகிறது. எட்டாவது நாள் அடுத்த ஞாயிறு நள்ளிரவு. சனிக்கிழமை லோடு இறங்கியபோது இன்னும் ஒரு நாள் பாக்கி. காலாவதி ஆகும் நிலை வந்தாலும், முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும் நீட்டித்துக்கொள்ள வழியிருக்கிறது. பார்ட்டியின் குடோனும் சனிக்கிழமைதான் வாங்கிக்கொண்டது. ஆகவே தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. காகிதத்தில் லீவுக்கு வேண்டிய நேரம் இருந்தது. வீடும் ரூட்டில் இருந்தது. ஓனரும் மறுக்கவில்லை. இத்தனையும் இருந்தும் லீவு கெட்டது.

சங்ககிரியில் வண்டி நின்றது 38 மணி நேரம். அதில் அவர் வீட்டிலோ கோயிலிலோ இருந்தது இருபது மணி நேரம். அதிலும் தூங்கிய நேரம் போக மிஞ்சியது கொஞ்சம். மிச்சப் பதினெட்டு மணி நேரம் வண்டியை நகர்த்தவும் காக்கவும் போனது. மச்சானின் ஒரு இரவுக் கூலியும் போனது. அது எந்தக் கணக்கிலும் வராது. நான் எழுதும் கணக்கிலும் வருவதில்லை.

இடம் இல்லாததுதான் காரணம் என்று சொல்வது சுலபம், பாதி உண்மையும் கூட. ஆனால் இடங்கள் இருந்தன. பட்டறை, பங்க், சர்வீஸ் ரோடு என மூன்று இடத்தில் அந்த வண்டி நின்றிருக்கிறது. ஓர் இடத்தில்கூட "இனி இது என் பொறுப்பு, நீங்கள் போங்கள்" என்று சொல்ல ஆள் இல்லை. வண்டி எங்கே நின்றாலும் பொறுப்பு டிரைவர் சட்டைப்பையில் சாவியோடு சேர்ந்து வீட்டுக்கு வந்தது. என் பார்வையில் இந்த நிகழ்வின் கரு இதுதான். சாவியை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத லீவை லீவுக் கணக்கில் எழுதக்கூடாது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொழிலாளி முதலாளியின் ஏவலுக்குக் கட்டுப்பட்டு இருக்கும் நேரத்தையே வேலை நேரம் என்று வரையறுத்தது. நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி, வார ஓய்வு என்றெல்லாம் அதில் இருந்தது. 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்துக்குள் அது சேர்க்கப்பட்டது. ஆனால் 1961 சட்டம் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்கே பொதுவாகப் பொருந்தும்படி எழுதப்பட்டது. மூன்று வண்டி, மூன்று டிரைவர் என்று நடக்கும் எங்கள் பக்கத்துத் தொழிலில் பெரும்பகுதி அந்த வரம்புக்குக் கீழேயே காலம் தள்ளியது.

முன்பு இந்தப் பிரச்சினை இவ்வளவு கூர்மையாக இல்லாததற்கு ஒரு காரணம் கிளீனர். டிரைவர் வீட்டுக்குப் போனால் கிளீனர் வண்டியில் படுத்துக்கொள்வார். அவர் ஊர் வந்தால் டிரைவர் படுத்துக்கொள்வார். வெளி மாநிலத்துக்குத் தூர ஓட்டம் போகும் லைன் வண்டிகளில் இரண்டு டிரைவர் போவதும் உண்டு. தேசிய பர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதி 2018-இல் எடுக்கப்பட்டது. கிளீனர் வேலைக்கு இளைஞர்கள் வருவதும் குறைந்துவிட்டது. வாடகை ஏறாமல் டீசலும் டோலும் ஏறியபோது ஓனர்கள் இரண்டாவது ஆளைத்தான் முதலில் குறைத்தார்கள். அந்த இரண்டாவது ஆள் ஓட்டியதோடு காவலும் இருந்தார் என்பதை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. வண்டி வேலை இப்போது ஒருவருடையது. காவல் வேலை மச்சானுடையது.

ஓனரையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். அவர் கொடுமைக்காரர் அல்ல. அவரே பதினைந்து வருடம் ஸ்டீயரிங் பிடித்தவர். லோடில் குறைவு வந்தால், 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி பொறுப்பு சரக்கை ஏற்றுக்கொண்ட போக்குவரத்து நிறுவனத்துடையது. அலட்சியத்தை நிரூபிக்க வேண்டியதுகூட இல்லை. நடைமுறையில் நிறுவனம் அதை வண்டி வாடகையின் பேலன்ஸில் பிடிக்கும். ஓனர் டிரைவரிடம் பிடிப்பார். இப்படி மேலிருந்து தள்ளிவிடப்படும் பொறுப்பு, அதைக் கீழே தள்ள வழியில்லாத மனிதரிடம் வந்து நிற்கிறது. டீசலும் அதே வழியில்தான் அவர் பற்றில் ஏறியது. நாமக்கல் செட்டுக்குப் போக 25 லிட்டர் டீசலை மறுத்த ஓனர், கடைசியில் 40 லிட்டரைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்.

அரசு கட்டும் ஓய்விடங்கள் ஏன் இவருக்கு உதவவில்லை

எண்ணெய் நிறுவனங்கள் நெடுஞ்சாலைப் பங்க்குகளில் "அப்னா கர்" என்ற பெயரில் டிரைவர்களுக்கான தங்குமிடங்களை நடத்துகின்றன. 2024 டிசம்பர் நிலவரப்படி 368 இடங்கள், 4,611 படுக்கைகள். குளிக்க, சமைக்க, வண்டி நிறுத்த வசதி உண்டு. அதே ஆண்டு பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலைகளில் முதற்கட்டமாக 1,000 நவீன ஓய்வு மையங்கள் அமைக்கப்படும் என்று பிரதமர் அறிவித்தார். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். மூன்றும் நல்லவை, நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் மூன்றும் டிரைவர் வண்டியோடு இருக்கும்போது அவருக்கு உதவுபவை. வண்டியை விட்டு வீட்டுக்குப் போகிற டிரைவரை எண்ணி இவற்றில் எதுவும் செய்யப்படவில்லை. நெடுஞ்சாலையிலிருந்து வீட்டுக்குப் போகும் கடைசிப் பத்து கிலோமீட்டர் யார் திட்டத்திலும் இல்லை.

ரோட்டோரம் நிறுத்தாதே என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆவது பிரிவு. ஆபத்தோ இடையூறோ வரும்படி பொது இடத்தில் வண்டியை விட்டுச் செல்லக்கூடாது. சரியான விதி. இருட்டில் நிற்கும் லாரியின் பின்னால் மோதி இறந்தவர்கள் எங்கள் பக்கத்து எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் நிறுத்தக்கூடாத இடத்தைச் சொல்லும் சட்டத்துக்கு ஈடாக, நிறுத்தக்கூடிய இடத்தைக் காட்டும் ஏற்பாடு வேண்டும்.

அமெரிக்காவில் இந்த ஏற்பாட்டுக்காக ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. 2009 மார்ச்சில் ஜேசன் ரிவன்பர்க் என்ற டிரைவர், லோடு இறக்கும் நேரத்துக்கு முன்பே தெற்குக் கரோலினா வந்துவிட்டதால் கைவிடப்பட்ட ஒரு பங்க்கில் வண்டியை நிறுத்தித் தூங்கினார். கொள்ளையடிக்க வந்தவன் அவரைச் சுட்டுக் கொன்றான். கிடைத்த பணம் ஏழு டாலர். அவர் மனைவி விடாமல் போராடியதில் 2012-ஆம் ஆண்டின் கூட்டாட்சிப் போக்குவரத்துச் சட்டத்தில் லாரி நிறுத்துமிடங்களுக்கான பிரிவு சேர்க்கப்பட்டது. ஜேசன் சட்டம் என்றே அதை அழைக்கிறார்கள். அங்கும் பற்றாக்குறை இன்றுவரை தீரவில்லை. ஆனால் எத்தனை இடம் இருக்கிறது, எத்தனை வேண்டும் என்று மாநிலவாரியாகக் கணக்கெடுக்க அந்தச் சட்டம் வழி செய்தது. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் லீவுக்கு வரும் டிரைவர் லோடு வண்டியை ஒப்படைக்க எத்தனை இடம் உண்டு என்ற கணக்கை எடுக்க, லாரி உரிமையாளர் சங்கங்களை விடப் பொருத்தமானவர்கள் யாரும் இல்லை. பங்க், எடை மேடை, பட்டறை எல்லாமே அவர்களுக்குத் தெரிந்தவர்களுடையவை.

பிறகு செய்தது

கணக்கு நேர் செய்யும் நாளில் ஓனரும் டிரைவரும் நானும் உட்கார்ந்தோம். டீசல் பற்றைப் பாதிப் பாதியாக்க ஓனர் ஒப்புக்கொண்டார். நான் முழுவதையும் நீக்கச் சொன்னேன். அதற்கு அவர் இணங்கவில்லை.

அதைவிடப் பெரிய பேச்சு ஆக்டிங் டிரைவர் பற்றியது. சங்ககிரியில் வேறொருவர் வண்டியை ஏற்றுக்கொண்டு கொச்சி போய் இறக்கி, திரும்பு லோடு போட்டு வந்தால், இவர் மூன்று நாள் வீட்டில் இருக்கலாம். வண்டியும் நிற்காது. இது புதிய யோசனை அல்ல, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். பிறகு ஏன் செய்யவில்லை? டிரைவருக்குப் படி வாடகையில் விழுக்காடாக வருகிறது. பிவண்டியிலிருந்து சங்ககிரி வரை ஓட்டிவிட்டு இறங்கினால் பங்கை எப்படிப் பிரிப்பது என்று பேசி வைக்கவில்லை. ஆக்டிங் டிரைவரின் நாள் சம்பளத்தை லீவு போட்டவரே கொடுக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் நடப்பு. வருடக் கணக்காகப் பழகிய வண்டியை இன்னொருவர் கையில் கொடுத்து, கிளச்சு போனாலும் டயர் வெடித்தாலும் பழி யார் மேல் என்ற பயமும் உண்டு. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

இவற்றை ஒவ்வொன்றாக எழுதினோம். படி, ஓட்டிய கிலோமீட்டர் கணக்கில் இருவருக்கும் பிரியும். ஆக்டிங் டிரைவருக்குப் படிக்கு மேல் வரும் சம்பளத்தில் பாதி ஓனருடையது. ஒப்படைக்கும்போது டீசல் அளவு, டயர் நம்பர்கள், ஸ்டெப்னி, பேட்டரி, தார்பாய்க் கட்டு ஆகியவற்றைப் படம் எடுத்து மூவர் இருக்கும் வாட்ஸ்அப்பில் போட வேண்டும். படம் போன நிமிடத்திலிருந்து லீவில் இருப்பவருக்கு வண்டி பற்றி ஓனர் போன் செய்யக்கூடாது. இந்தக் கடைசி விதியைச் சேர்க்கச் சொன்னது டிரைவரின் மனைவி. அன்று எங்களோடு உட்காரவில்லை, போனில் சொன்னார். நான்கில் அதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது.

ஆக்டிங் ஆள் கிடைக்காத நாளுக்கு, எடை மேடை வைத்திருக்கும் ஒருவரிடம் பேசியிருக்கிறோம். ஓர் இரவுக்கு ₹200. ரசீது கொடுப்பார், டேங்க் அளவையும் அதில் எழுதுவார், வாட்ச்மேன் கையெழுத்துப் போடுவார். டீசல் போனால் பாதி அவருடைய பொறுப்பு. லோடு போனால் என்ன செய்வது என்பதற்கு அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. ஓனரின் இன்ஷூரன்ஸ் ஏஜென்டிடம் அதைக் கேட்டிருக்கிறோம். ₹200 ஓனர் செலவில் ஏறும். டிரிப் ஷீட்டில் அதற்கென்று தனி வரி போட்டுவிட்டேன்.

ஏற்பாடு இந்த ஒரு வண்டிக்குத்தான். அதே ஓனரின் மற்ற இரண்டு டிரைவர்களும் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஊர் தர்மபுரிப் பக்கம், தொப்பூர் கணவாய்க்கு அந்தப்புறம். அங்கே வண்டியை வாங்கிக்கொள்ள ஆள் தேட வேண்டும்.